தரை வாட்டமும் என் தாளமும்

என் தபலா ஓடும். மெதுவாக ஆரம்பித்த பாட்டு முதல் சரணத்தைத் தாண்டுவதற்குள் நடையைக் கூட்டிவிடும்; கடைசிப் பல்லவிக்கு வரும்போது பாடுகிறவருக்கு மூச்சு வாங்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி வாசிக்கிறேன் என்று குழுவில் சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பகலில் நான் சிமெண்ட் ஆலையின் டைம் ஆபீஸில் கிளார்க். யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மையில் குறித்து வைப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்டவனுக்குப் பாட்டில் நேரம் நிற்கவில்லை என்பது ஊருக்கே சிரிப்பாக இருந்தது. எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது.

குழுவை நடத்தியவர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கடையின் பின்பக்கம், வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில், அவருடைய ஆர்மோனியம் இருக்கும். கடையைச் சீக்கிரம் சாத்துகிற நாட்களில் அங்கேதான் ஒத்திகை. கோபமே வராத மனிதர். நான் ஓடுகிறபோதெல்லாம் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

அந்த மார்கழியில் என் மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை கடைசியில், பெரம்பலூரில். முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு முடிந்ததும் பாட்டுக் கச்சேரி. எங்கள் குழுவைத்தான் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் என் மனைவி. "எங்க வூட்டுக்காரரு வாசிக்கிறாரு, வேற எதுக்கு வெளியூர் ஆளு?" என்று அவளுடைய பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

மாமனாருக்குத்தான் பெரிய உற்சாகம் இல்லை. அவர் கொத்தனார். பெரம்பலூரைச் சுற்றி அவர் கை படாத தெரு குறைவு. ரசமட்டத்தை வைத்து அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால்தான் அடுத்த செங்கல்லை எடுப்பார். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வாடகை வீட்டைப் பார்க்க வந்தவர், கூடத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து முகம் சுளித்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, இரண்டே நாளில் பழைய தரையைக் கொத்தி எடுத்துப் புதுச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிக் கை ஓயாத மனிதருக்கு, நான் சாயங்காலமானால் உட்கார்ந்து தபலா தட்டுவது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. அவர் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. "மாப்ள நல்லா இருக்காரா, தட்டிக்கிட்டு இருக்காரா?" என்று மகளிடம் கேட்பதோடு சரி.

கல்யாணக் கச்சேரி விஷயத்தைச் சொன்னதும் தையற்காரர் கத்திரியைக் கீழே வைத்தார்.

"தம்பி, அது உங்க மாமனார் வூட்டு விசேஷம். மேடையில நீங்க ஓடுனா எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் அசிங்கம். தை பொறந்த அப்புறமும் இப்படியே ஓடுனீங்கன்னா திருச்சியிலேருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்துருவேன். வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல் இருக்க முடியுமா? சொந்த மைத்துனன் கல்யாணத்தில், வந்த சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, என் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்து வாசிப்பான். நான் பந்தியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட வேண்டும். நினைக்கவே காது சூடானது.

மனிதர் மிரட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவர்தான் சீருடை தைத்துக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அங்கே பாட்டு சொல்லிக்கொடுப்பவரிடம் கேட்டு, ஒரு மெட்ரோனோமை எனக்காக இரவல் வாங்கி வந்தார். ஈஸ்டர் பாட்டுப் பழக ஆரம்பிக்கும்போது திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். நான் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேலே குறுகிக் கீழே அகன்ற ஒரு சின்ன மரப்பெட்டி, பக்கவாட்டில் ஒரு சாவி. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கிற ஒரு கம்பி, அதில் ஏற்றி இறக்குகிற ஒரு குண்டு. சாவி கொடுத்துத் தட்டிவிட்டால் கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, டக் டக் என்று அளந்து போடும். குண்டை மேலே தள்ளினால் நிதானம், கீழே இறக்கினால் வேகம். கடையில் துணி வெட்டும் மேசை மேல் வைத்து அவர் ஓடவிட்டுக் காட்டினார்.

"இது யாருக்காவும் ஓடாது, யாருக்காவும் நிக்காது. தெனம் ஒரு மணி நேரம் இதுகூட உக்காருங்க."

என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "மணி காட்டாத கடிகாரத்தை எதுக்குங்க வாங்கியாந்தீங்க?" என்றாள்.

அன்றிலிருந்து ஆலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக் காபி குடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன். தபலா என் முன்னால், டக்டக் பெட்டி எனக்குப் பக்கத்தில் தரையில். முதல் நாளே ஒன்று கவனித்தேன். அந்தப் பெட்டி நேராக அடிக்கவில்லை. டக் என்று ஒன்று போட்டுச் சற்று நின்று, அடுத்த இரண்டையும் அவசரமாகப் போட்டது. மறுபடி நின்றது. ஆனால் எனக்கு அதைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. கோணல் என் காதில்தான் என்று முடிவு கட்டினேன். பத்து வருஷமாக ஓடியே பழகிய காதுக்கு நிதானம் நொண்டலாகத்தானே கேட்கும்? ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு அதன் கூடவே போனேன். அது நின்ற இடத்தில் நின்றேன், அவசரப்பட்ட இடத்தில் அவசரப்பட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலையைச் சாய்த்து என்னவோ போலப் பார்த்தாள்.

"ஏங்க, அது ஒரு மாதிரி…"

"உனக்கென்ன தெரியும் தாளத்தைப் பத்தி? வேலையைப் பாரு" என்றேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்பு பெரம்பலூரில் டைப்ரைட்டிங் கற்றவள். இன்ஸ்டிட்யூட்டில் இருபது மெஷின்கள் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுகிற சத்தத்துக்குள் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள். ஒரு விரல் பிந்தினால்கூட அவளுக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் மறுபடி வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை பிறந்து மூன்று வாரம் கழித்து ஒத்திகை. ஒரு மாதத்துக்கு மேல் உழைத்திருக்கிறேன் என்ற தெம்போடு தோளை அகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லவி முடிவதற்குள் தையற்காரர் நிறுத்திவிட்டார். இந்தத் தடவை கண்ணாடியையே கழற்றிவிட்டார்.

"தம்பி, என்னாச்சு உங்களுக்கு? முன்ன ஓடுனீங்க. இப்ப நொண்டுறீங்க."

மறுபடி வாசித்தேன். மறுபடி நொண்டியது. பாடுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தையற்காரர் சிரிக்கவில்லை. ஓடுவதையாவது இழுத்துப் பிடிக்கலாம், இதை என்ன செய்வது என்றார். மறுநாள் காலையிலேயே திருச்சி ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

ஒத்திகை முடிந்த இரவே வீட்டுக்கு வந்து தபலாவை உறைக்குள் திணித்து அலமாரிக்கு அடியில் தள்ளினேன். "ஒங்கப்பா சொல்றது சரிதான். நான் சும்மா தட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றேன். என் மனைவி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லப் போனால் கடித்து வைப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்கு வார விடுமுறை. அவள் கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினாள். துடைப்பத்தால் தள்ளவே இல்லை; தண்ணீர் தானாகவே கூடம் முழுக்க நடந்து, முற்றத்து மூலையில் இருந்த ஜலதாரைக்குள் போய் விழுந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. அவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியைத் தெனம் எங்க வைப்பீங்க?"

"இங்கதான். தரையில."

"எங்கப்பா போட்ட தரைங்க இது. தண்ணி ஓடணும்னு வாட்டம் வச்சுப் போட்டது. ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். பெட்டி சாஞ்சுல்ல நின்னிருக்கும்?"

பெட்டியை எடுத்து வந்து தரையில் வைத்துத் தட்டிவிட்டாள். டக்… டக்டக்… டக். பிறகு அதன் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில், ஆலையில் நான் ஓவர்டைம் எழுதுகிற அட்டையை இரண்டாக மடித்துச் செருகினாள். டக், டக், டக், டக். தேர்வு நடக்கிற அறையில் வாத்தியார் நடப்பது போல ஒரே சீராக நடந்தது.

"உனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு!" என்று கத்தினேன்.

"நொண்டுற மாதிரி இருந்துச்சு. நீங்கதான் எனக்கென்ன தெரியும்னீங்க. சரி, இதுவும் ஏதோ ஒரு தாளம் போலிருக்குன்னு இருந்துட்டேன்."

நான் பெட்டியை நம்பினேன். அவள் என்னை நம்பினாள். வீட்டில் நாலு காது இருந்தும் ஒரு காதின் பேச்சையும் நாங்கள் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல தபலாவை வெளிய எடுங்க" என்றாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவள்தான் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பெட்டி ஆடும்போது கூடவே ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, கம்பியைப் போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாள். நான் ஓடினால் விரலை நிறுத்திவிடுவாள். திடீரென்று பெட்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டு விரலை மட்டும் ஆட்டுவாள். சோற்றைக்கூட அந்த நடையில்தான் மென்றேன்.

கல்யாண வீட்டு மேடைக்குப் பக்கத்தில் திருச்சி ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தபலாப் பை. எனக்கு வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். முதல் இரண்டு பாட்டுக்காவது என்னை உட்கார விடுங்கள் என்று தையற்காரரிடம் முன்பே கெஞ்சியிருந்தேன். தையற்காரர் என் காதில், "ரெண்டு பாட்டு பாப்பேன். அப்புறம் எம்மேல கோச்சுக்காதீங்க" என்றார். முன்வரிசையில் மாமனார் புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு நல்லபடியாகக் கரையேறியது. இரண்டாவது வேகமான பாட்டு. பெண் வீட்டுப் பையன்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு வேகத்தில். என் கை பழைய புத்திக்கு இழுத்தது. ஓடப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஓரக்கண்ணில் பார்த்தால் திருச்சி ஆள் பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மாமனாருக்குப் பின்னால், பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக என் மனைவி. பக்கத்தில் அத்தைமார்கள் பார்க்கிறார்களே என்று கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் விரலை நிமிர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். கை தட்டியவர்கள் கொஞ்ச நேரத்தில் என் நடைக்கு வந்துவிட்டார்கள். திருச்சி ஆள் ஜிப்பை மூடினார். மூன்றாவது பாட்டில் எழுந்து பந்திக்கே போய்விட்டார்.

கச்சேரி முடிந்ததும் தையற்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அஞ்சு நாள்ல எப்படித் தம்பி? யாரு சொல்லிக் குடுத்தா?"

மாமனார், மைத்துனன், பெரியம்மா, சித்தி எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் மனைவியைக் காட்டி நடந்த கதை முழுவதையும் சொன்னேன், அவள் வாயை நான் அடைத்ததையும் சேர்த்து. தரை சாய்ந்திருந்த இடம் வந்ததும் எல்லோரும் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"மெஷினே நொண்டிருச்சா? வாட்டம்னா அப்படித்தான் வைக்கணும்" என்றார்.

கல்யாணக் களேபரம் அடங்கி ஒரு வாரம் இருக்கும். நான் ஆலையிலிருந்து வந்தபோது மாமனார் எங்கள் கூடத்தில் குந்தியிருந்தார். சுவரோரம் செங்கல் வைத்து அரை அடி உயரத்தில் ஒரு மேடை கட்டி, மேலே சிமெண்டு பூசி, ரசமட்டத்தை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"எதுக்கு மாமா இவ்வளவு சிரமம்? பெட்டியை நாளைக்கே திருப்பிக் குடுத்துருவோமே" என்றேன். "அதுவுமில்லாம, அவ்வளவு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு பெரிய மேடையா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரண்டியால் விளிம்பை ஒருமுறை நீவினார்.

"பெட்டிக்கு யாரு கட்டுனா? மாப்ள உக்காந்து வாசிக்கணும்ல."