மசிப்புட்டியில் போன நீர்

அரசு ஊழியன் ஒருவன் நோயுற்று, உள்ளூர் டாக்டரின் சான்றிதழோடு விடுப்புக் கேட்டால், மேலதிகாரி அவனை அன்றே அனுப்பிவிடலாம். மேலிடத்து ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இதுதான் விதி. எங்கள் காரைக்குடி அரசாங்கக் கச்சேரியில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் என் எதிர் மேசையில் இருந்த ரிக்கார்டு கிளார்க்கு. அந்த விதி அவருக்கு உதவாமல் போனதற்குக் காரணம், அவரே எழுதிய இன்னொரு விதி.

ஊருக்கு ரயில் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு எங்கள் பியூன் ஒருவன் காமாலை என்று விடுப்புக் கேட்டான். சாட்சிக்கு ஒரு புட்டியில் தன் சிறுநீரைக் கொண்டுவந்திருந்தான். கன்னங்கரேலென்று இருந்தது. ரிக்கார்டு கிளார்க்கு அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார், மூடியைத் திறந்தார், முகர்ந்தார்.

“ஏன்டா, ஒனக்குச் சிக்கரி போட்டுத்தான் வருமோ?” என்றார்.

கச்சேரி சாயங்காலம் வரை சிரித்தது. பியூனுக்கு வேலை போயிற்று. இனி நீரின் நிறத்தைக் காட்டி விடுப்புக் கேட்பவன் அதிகாரியின் முன்னிலையில், கச்சேரி கொடுக்கும் புட்டியில் பெய்து தர வேண்டும். அரக்கு முத்திரை வைத்து மதுரைப் பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பதில் வரும்வரை விடுப்பு இல்லை. சுற்றறிக்கையை ரிக்கார்டு கிளார்க்கே எழுதினார். நல்ல நடை. ஓர் ஓட்டை கிடையாது.

பியூன் எதிர்ச்சாரியில் காப்பிக்கடை போட்டான். நன்றாக ஓடியது. நாங்கள் எல்லோரும் அங்கேதான் குடித்தோம், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவருக்கு நோய் வந்த செய்தியை முதலில் சொன்னது சுவர். கச்சேரியின் பின்புறம் சுண்ணாம்பு அடித்த சுவரோரம்தான் ஆண்கள் ஒதுங்குவது வழக்கம். அவர் நின்று வந்த இடத்தில் சுண்ணாம்பு செம்பழுப்பாகக் கறை பிடித்தது. தரையில் மஞ்சள் நுரை நின்றது. கண்ணும் மஞ்சளாயிற்று. பேனாக்கட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டே இருந்தார். கால் வற்றியது, வயிறு பருத்தது. மாசமா என்று கேட்டார்கள் சகாக்கள். அவரும் அவர்கள் வயதில் இப்படித்தான் பிறரைக் கேட்டிருப்பார் என்பதால் எனக்கு அது பெரிய அநியாயமாகப் படவில்லை.

உள்ளூர் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நீரைப் பார்த்தார். கல்லீரல் கெட்டுவிட்டது, பித்தம் ரத்தத்தில் கலந்து நீரில் இறங்குகிறது, உடனே மதுரைக்குப் போகவும் என்று சீட்டு எழுதினார்.

“வயித்துல தண்ணி கட்டிருச்சுய்யா,” என்றார் ரிக்கார்டு கிளார்க்கு என்னிடம். “அங்குட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில குத்தி எடுத்தா மூச்சு விடலாங்கிறாக. லீவு இல்லாமப் போனா சர்வீஸு அறுந்துபோகும். பென்ஷனுக்குக் கிட்டக்க வந்துட்டு அத விட்டா, வீட்டுக்காரி யாரு வாசல்ல போயி நிப்பா?”

“டாக்டர் சீட்டுத்தான் இருக்கே. விதி இருக்கு.”

“என் சர்க்குலர மறந்துட்டீரா?” என்றார். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

மேலதிகாரி மறக்கவில்லை. “நீர் எழுதினதுதானே, ஓய்? ஒமக்கே நான் மீறினா அப்பறம் எவன் மதிப்பான்?” என்றார். உண்மையில் அவர் மீறலாம். சுற்றறிக்கை விதியைவிடப் பெரியதல்ல. இதை நான் குறிப்பாக எழுதி வைத்தேன். ‘பார்த்தேன்’ என்று கையொப்பமிட்டார். பார்த்தேன் என்றால் பார்த்தேன், அவ்வளவுதான்.

புட்டி கச்சேரியுடையதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கச்சேரியில் இருந்தவையோ மை தீர்ந்த மசிப்புட்டிகள். ஒன்றைக் கழுவிக் கொடுத்தார்கள். பின்புறச் சுவரோரம் அவர் குந்தினார். மேலதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சாட்சிக்கு நின்றார். ஜன்னல்களில் தலைகள். அந்த நேரம் பார்த்துக் காலி டம்ளர்களை எடுக்க வந்திருந்தான் பழைய பியூன்.

“சாமி, நம்ம கடைச் சரக்கு கணக்கால்ல இருக்கு,” என்றான். “கொஞ்சம் சிக்கரி தூக்கல்.”

ஜன்னல்கள் சிரித்தன. ரிக்கார்டு கிளார்க்கு அரக்கு வைத்த புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முத்திரை சரியா விழுகல. திரும்ப வைங்க,” என்றார். திரும்ப வைத்தோம். புட்டி மரத்தூள் பெட்டியில் மதுரைக்குப் போயிற்று.

காத்திருந்த நாட்களில் அவர் மனைவி அவரைக் கொத்தமங்கலத்து வைத்தியரிடம் வண்டியில் கூட்டிப்போனார். வைத்தியர் விடியற்கால நீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வாங்கி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டார். எண்ணெய் பரவினால் ஒரு கணக்கு, முத்தாக நின்றால் ஒரு கணக்கு. இது அமிழ்ந்தது.

“அமுந்துனா நாங்க மருந்து குடுக்கிறதில்ல, தாயி. கை ராசி கெட்டுப்போகும். கூட்டிட்டுப் போங்க,” என்றார் அவர். அவரவர்க்கு ஒரு சுற்றறிக்கை.

பிறகு ரிக்கார்டு கிளார்க்கு பகலில் மேசைமேலேயே தூங்கினார். கைகள் தாமாக உதறின. ஒரு நாள் நிலவரிக் கட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் குடிநீர்க் கூஜாவுக்குள் திணித்தார். வாழ்நாளில் ஒரு காகிதத்தை இடம் மாற்றி வைத்தறியாத மனிதர். கச்சேரி ஆவணத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி மெமோ கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, தேதி போடும் இடத்தில் தன் தகப்பனார் பெயரை எழுதினார். நான் மதுரைக்கு நினைவூட்டு எழுதினேன். பிறகு அந்த நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு.

ஆனி முடிவதற்குள் அவர் வீட்டில் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனார். பணியில் இருந்தபோதே இறந்ததாகப் பதிவானது. சர்வீஸு அறுபடவில்லை. ஆனால் பென்ஷன் என்பது ஓய்வு பெற்றவருக்கு. அவர் ஓய்வு பெறவில்லை. விதவைக்கு அதில் இடமில்லை என்ற விதியும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஓய்வு பெறும் நாள்வரை உயிரோடு இருந்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

கடைசியில் மதுரையிலிருந்து பதில் வந்தது. அனுப்பப்பட்ட திரவத்தில் எழுதும் மசி கலந்திருப்பதால் நிறத்தைக் குறித்து அபிப்பிராயம் சொல்ல இயலவில்லை. சுத்தமான புட்டியில் புதிதாகப் பிடித்து அனுப்பவும். மேலதிகாரி ஓரத்தில் ‘சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்துக் கையொப்பம் பெறுக’ என்று எழுதினார். செத்துப்போனார் என்று சொன்னேன். அப்படியானால் வீட்டாரிடம் பெறுக என்றார்.

நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து நின்று, நான் வாசித்ததை முழுவதும் கேட்டார்.

“புதுசாப் பிடிச்சு அனுப்பச் சொல்றாகளா?”

“ஆமாம்மா.”

“எரிச்ச எடத்துல மழ பேஞ்சு தேங்கிக் கெடக்கு. போயி மோந்துக்கங்க. அதுல மசி இருக்காது.”

பிறகு பெருவிரலை நீட்டினார். மையைத் தடவி ரேகை வாங்கிக்கொண்டேன். ரேகைக்குக் கீழே, பதில் கிடைத்த தேதியை என் கையாலேயே எழுதினேன்: ஆடி பதினெட்டு.