சும்மா பெய்தது

பையைக் கிழிக்காமல் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. இருளாயி நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். காலையில் ரப்பர்க் கிளையொன்றின் இலைகளை உள்ளே விட்டு அவளே இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பை. இப்போது அதன் மூலையில் தண்ணீர் தேங்கிக் கனத்தது.

"யாரு மிஸ் ஊத்தினது?"

"யாரும் ஊத்தல்ல. எல மூச்சு விட்ட தண்ணி," என்றாள் இன்ஷிரா.

இருளாயி ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். ருசியே இல்லை. நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். ஒரு கிளைக்கு இவ்வளவு.

இருளாயி ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டுகிறவள். விடியும்போது மரத்தில் கோடு கீறி, சிரட்டையில் வடியும் பாலை வாளியில் சேர்ப்பது வேலை. காலையில் பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அவள் கல்யாணம் மழை நாளில் நடந்தது. மகள் ஷாமிளா மழை நாளில் பிறந்தாள். "அன்னைக்கு மழ இல்லேன்னா இவ புள்ள பெக்காம மலைக்குப் போயிருப்பா," என்பான் கணவன் நல்லையா. மரம் அவளுக்குச் சோறு. மழை விரோதி.

இரண்டும் உறவு என்று சொன்னவள் இன்ஷிரா. மாவனெல்லைக்காரி. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக மேல் மலையில் கம்பிக் கோபுரம் நட்டிருந்தாள். இலைகள் விடும் ஈரத்தை அதில் அளந்து, கணினிக்குள் இதே மலைகளையும் காற்றையும் இலைகளையும் எண்களால் செய்திருந்தாள். அதை மொடல் என்றாள். நல்லையா அழகிப் போட்டி என்று நினைத்தான்.

மேல் மலையையும் கீழ் மலையையும் ஒரே பருவத்தில் வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட நிர்வாகம் யோசித்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிதண்ணீர் மேல் மலை ஊற்றின் பீலியிலிருந்துதான் விழுகிறது. பக்கத்து டிவிஷனில் மலையை மொட்டையடித்த பிறகு பீலி வற்றியது. அங்கே இப்போது தண்ணீர் பவுசர் வரும் நாளெல்லாம் வாளிச் சண்டை. இருளாயி கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தது அதனால்தான். மரம் போனால் மழை என்ன ஆகும் என்று நாளை நிர்வாகத்தின் கூட்டத்தில் இன்ஷிரா காட்டுவாள்.

"நாளைக்கு நான் பேசப் போறல்ல," என்றாள் இன்ஷிரா, கோபுரத்தடித் தகரக் கொட்டிலில் மடிக்கணினியைத் திறந்தபடி.

"ஏங்க மிஸ்?"

"மொடல் பிழ. புது எல வந்த பொறகு பின்னேரத்துல மழண்டு காட்டுது. நீங்க மழை இல்லண்டு அனுப்பீக்கிறீங்க."

மழைமானியின் புனலில் குளவி கூடு கட்டிவிட்டதால், அந்தப் பங்குனி மாதத்துக்கு இருளாயியின் வாட்ஸ்அப் செய்திதான் ஆதாரம். மழை, அல்லது மழை இல்லை. அவ்வளவுதான் அனுப்பச் சொல்லியிருந்தது.

 பக்கத்து டிவிஷனின் வற்றிய பீலி இருளாயியின் கண்ணுக்குள் வந்து நின்றது. "நான் பொய் சொல்லல மிஸ். சாமி சத்தியமா."

அப்போது இடித்தது. தகரத்தில் மழை விழுந்தது. இன்ஷிரா கத்த வேண்டியிருந்தது.

"இண்டைக்கு என்னண்டு அனுப்பினீங்க?"

"மழை இல்லன்னு. காலையிலயே அனுப்பிட்டேனே."

"அப்ப இது என்ன?"

இருளாயி வெளியே பார்த்தாள். கேள்வி விளங்கவில்லை.

"இது சும்மா பெய்யுது மிஸ். வெட்டு முடிஞ்சு பாலும் ஸ்டோருக்குப் போயிருச்சு. இதையெல்லாம் யாரு மழன்னு சொல்லுவா?"

காலையில் வரும் செய்தியை முந்தின நாள் முழுவதுக்குமானது என்று இன்ஷிரா எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரிப்பு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ். மாசம் முழுக்க சும்மா பெஞ்சதா?"

"நெறய நாளு."

"எந்தெந்த நாளுண்டு செல்லுங்க. நீங்க செல்லி முடியுற வரைக்கும் நான் திரையக் காட்ட மாட்டேன்."

கோயில் கொடியேற்றத்தன்று பந்தல் நனைந்து மைக்செட்காரன் ஓடினான். ஷாமிளாவின் பள்ளி விளையாட்டுப் போட்டி பாதியில் நின்றது. அடுத்த வீட்டு முத்துவீரன் மகளின் பூப்புச் சடங்கில் சோற்று அண்டாவை வீட்டுக்குள் தூக்கினார்கள். தேதிகள் அவளுக்கு நினைவில்லை. குடையோடு தேடி வந்த நல்லையாவின் போனில் படங்களும் தேதிகளும் இருந்தன.

"என்னா, ரெண்டு பேரும் மொடலிங்கா?" என்றான்.

"பேசாம போனைக் குடு."

சடங்கு நாள் மொடல் காட்டிய மழையோடு பொருந்தவில்லை. மற்ற இரண்டும் பொருந்தின. இன்ஷிராவின் விரல் திரையில் கொடியேற்ற நாளின் மேல் நின்றது.

"பந்தல் நனைஞ்சது இந்தப் பெட்டிக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் இருளாயி.

"பந்தல் தெரியாது. கோயிலும் தெரியாது. எல, காத்து, வெயில். அது மட்டுந்தான்."

கொடியேற்ற நாளை ஓடவிட்டாள். காலையில் மலைகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. வெயில் ஏற ஏறச் சரிவுகளிலிருந்து ஈரத்தைக் காட்டும் நீலம் எழுந்தது. மேலே சேர்ந்தது, உச்சியில் மோதியது, கறுத்தது, இறங்கியது. பிறகு அதே நாளை, இந்தப் பக்கத்து மலைகளில் மரமே இல்லாமல் ஓடவிட்டாள். மெல்லிய நீலம் எழுந்து கலைந்தது. பந்தல் நனையவில்லை.

"ஒரு மல போனா இவ்வளவு மாறாது," என்றாள் இன்ஷிரா. "ஆனா ஒவ்வொரு தோட்டமும் ஒரு மலதானேண்டுதான் வெட்டுது."

இருளாயி திரையில் தன் லயத்தைத் தேடினாள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் மேல் மலை, கீழ் மலை, லயம், கோயில் எல்லாம் அடங்கியிருந்தன.

"நான் கீழ கோடு கீறுறப்பவும் மேல இது நடந்துகிட்டேதான் இருந்திச்சா?"

"எந்த நாளும்."

 நல்லையா எப்போது செருப்பைக் கழற்றினான் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு நின்றான்.

மறுநாள் காலை பட்டை காய்ந்திருந்தது. இருளாயி பால் வெட்டுக்குப் போனாள். கூட்டத்தில் இன்ஷிரா பேசினாள். மேல் மலையை இந்த வருடம் வெட்டுவதில்லை என்றும், கீழ் மலையை வெட்டுவதென்றும் முடிவானது. இருளாயி பால் எடுக்கும் மரங்கள் கீழ் மலையில் இருந்தன. பின்னேரம் கணக்கப்பிள்ளை ஆள்களோடு வந்து வெட்டி வீழ்த்துவதற்கு அடையாளமாக அவற்றில் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் செய்தார். மழை வந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அவள் பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, இன்ஷிராவுக்குச் செய்தி அனுப்பினாள். காலை மழை இல்லை. பின்னேரம் மழை.