மோடத்தைக் கழற்றிய பிறகு: மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பகல்

மின் கட்டமைப்பை இணையத் தாக்குதலிலிருந்து காக்க அரசு விதிகளை இறுக்கிவருகிறது. அவை தோட்டத்துக் கம்பம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று பார்க்கச் சென்ற மாதம் தர்மபுரியிலிருந்து கிளம்பினேன். காலை 7.10 பேருந்து, மாரண்டஹள்ளிக்குச் சுமார் 40 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து துணை மின் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய்.

வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள் (நோட்டும் கைக்கடிகாரமும் கொண்டுபோங்கள்). உதவிப் பொறியாளர் ஷாஹிதா என் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூலையில் ஒயர் சுற்றி ஒரு சிறு பெட்டி கிடந்தது. கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற நிறுவனம் ஓசூரிலிருந்தே இணையம் வழியாகப் பழுது பார்க்க வைத்திருந்த மோடம். வெளி இணைப்பு கூடாது என்று உத்தரவு வந்ததும் கழற்றிவிட்டார்கள்.

9.40க்குத் தோட்டங்களுக்குப் போகும் லைன் நின்றது. கட்டுப்பாட்டுக் கருவி எந்தக் கட்டளைக்கும் அசையாமல் உறைந்துவிட்டது. அதைச் சரிசெய்யும் மென்பொருள் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பத்தரைக்கு விவசாயி மாதையன் வந்தார். முந்தின நாள்தான் தக்காளி நாற்று நட்டிருக்கிறார். தண்ணீர் பாயாவிட்டால் மாலைக்குள் சுருண்டுவிடும்.

“அந்த டப்பாவ சொருவி வுடுங்க மேடம். போன வருசம் அஞ்சே நிமிசத்துல கரண்ட் வந்துச்சில்ல?”

“அதே வழியில வேற எவனாச்சும் உள்ள பூந்தா உங்க தோட்டம் மட்டுமில்லீங்க, பாலக்கோடே இருட்டாயிடும்.”

“இங்க எவன் மேடம் வரப்போறான்? பஸ்சே ஒழுங்கா வர்றதில்ல.”

ஷாஹிதாவும் சிரித்துவிட்டார். நிறுவனப் பொறியாளர் மேசைத் தொலைபேசியில் அழைத்து, மோடத்தை மாட்டினால் போதும் என்றார். “மூணு வருசமா உங்க குரல்தான் சார் எனக்குத் தெரியும். நேர்ல வாங்க,” என்று சொல்லி ஷாஹிதா வைத்துவிட்டார்.

நிறுவனப் பொறியாளர் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து சேர 1.50. அடையாள அட்டை, பதிவேடு, லேப்டாப் சோதனை எல்லாம் முடிந்து 2.35க்கு மின்சாரம் வந்தது.

பாதுகாப்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மோடத்தைக் கழற்றச் சொன்ன உத்தரவு, பழுது பார்க்கும் ஆளை மாவட்டத்துக்குள் வைக்கச் சொல்லவில்லை. அந்த ஐந்து மணி நேரமும் மாதையன் தலையில் விடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி கிடைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இல்லை. திரும்ப 4.15 பேருந்து வசதி; நான் அதை விட்டுவிட்டேன். ஷாஹிதா அறிக்கை எழுதும்போது, ‘பாதிப்பு’ என்ற இடத்துக்கு வந்ததும் எத்தனை செடி போயிற்று என்று மாதையனிடம் கேட்டார்.

“ஒரு நூறு போட்டுக்கங்க மேடம்.”

“வாங்க, எண்ணிட்டே எழுதுறேன்.”

மூவரும் மாதையன் தோட்டத்துக்குப் போய்ப் பாத்தி பாத்தியாக நடந்தோம். அறுபத்தெட்டு. உத்தரவு போட்ட அலுவலகத்துக்கு அந்த எண்ணும் போயிருக்கிறது.