என் மூக்குக்காகத் தாளித்தது

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. வேப்பிலை எப்போதும் பிந்தித்தான் வரும். முதலில் காய்ச்சல், இருமல், கண்ணில் நீர். அப்புறம் மணலை வாரி இறைத்ததுபோல் உடம்பெல்லாம் பொரியும். அதற்குப் பிறகுதான் ஒருவர் போய்க் கொப்பு ஒடித்து வருவார். சிலர் அதையும் செருகுவதில்லை. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கும் வேலை நடக்கும் காலம் அது. அம்மை உள்ள வீடு என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

வாசலை மறைக்கலாம், அடுப்பை மறைக்க முடியாது. அம்மை இருக்கும் வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. ஊருக்குப் பொய் சொல்கிறவள்கூட அம்மையாக வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்குப் பொய் சொல்லத் துணியமாட்டாள். அதனால் பொழுது சாய்ந்து அடுப்பு மூட்டும் நேரத்தில், தண்ணீருக்குப் போகிறமாதிரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வருவேன். எந்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசம் வரவில்லையோ அந்த வீட்டுப் பக்கம் என் பிள்ளைகள் போகக் கூடாது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் என் மூக்கு தப்பாது என்று தெருவே சொல்லும். எனக்கு அதில் பெருமைதான்.

அம்மை வரும் வருஷத்துக்கும் ஒரு போக்கு உண்டு. மாசிக் கடைசியில் தலைகாட்டும், பங்குனியில் தெருத் தெருவாகப் போகும், சித்திரை வெயிலோடு கிடந்துவிட்டு முதல் மழைக்கு அடங்கிவிடும். ஒரு வருஷம் அப்படி ஊரையே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனால் அடுத்த வருஷம் எட்டிப் பார்க்காது. அதற்கடுத்த வருஷம் அங்கே ஒன்று இங்கே ஒன்று. அதற்குள் ஊரில் புதுசாகப் பிள்ளைகள் பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்ததுபோல் மறுபடி பெரிசாக வரும். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்படி ஒரு பெரிய வருஷத்தில் என் மூத்த பெண் போய்விட்டாள். அதற்குப் பிறகு வருஷங்களை நான் அப்படித்தான் அடையாளம் வைத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது, பெரியம்மை நாட்டை விட்டே போய்விட்டது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலம். பெரியம்மை போனதில் எல்லோருக்கும் நிம்மதி. மணல்வாரியை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "எல்லாப் புள்ளைக்கும் வந்து போறதுதான" என்பார்கள். எனக்கு மட்டும் தை பிறந்ததுமே வயிற்றில் நெருப்பு. அது பெரிய வருஷம். என் கடைசிப் பெண் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பையன்களுக்கும் வந்து போயிற்று, அவர்களைப் பற்றிக் கவலையில்லை. இவளுக்கு வரவில்லை. இவள் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றப் போவார். வெள்ளைப் புழுதியோடு வந்து உட்கார்ந்தவரிடம் சொன்னேன்.

"ஏங்க, இந்த வருசம் முந்திரிக்காட்டுக்கு நான் போவல."

"ஏன், காடு உன்னக் கடிச்சிதா?"

"அங்க நாலு ஊருப் புள்ளைங்க ஒரே மரத்தடியில கெடக்கும். இவளத் தூளியில போட்டுட்டு நான் கொட்ட பொறுக்கணுமா?"

அவர் எழுந்துபோய்த் தூளியில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு வந்தார். மூத்தவளைக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

வீட்டோடு இருந்தேன். ஆனால் எங்கள் வீடும் என் ஓரகத்தி வீடும் ஒரே கொல்லை. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு அக்கா முறை. அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண், கடைக்குட்டியாக ஒரு பையன். என் பெண்ணுக்கு அந்தப் பையன் என்றால் உயிர். விடிந்தால் சுவரைத் தட்டி அவனைக் கூப்பிடுவாள்.

பங்குனி பிறந்த வாரம், அவர்கள் அடுப்பிலிருந்து இரண்டு நாளாகத் தாளிக்கும் வாசம் வரவில்லை. பையனையும் காணோம். சுவரோரம் போய்க் கேட்டேன்.

"அக்கா, இன்னிக்கி ஒங்க வூட்டுல என்ன கொழம்பு?"

"பழையதுதான். இந்த வெயிலுக்குக் கொழம்பு ஒண்ணுதான் கேடு."

"நேத்தும் பழையதா?"

"எண்ணெ தீந்துபோச்சு."

"கேட்டா நான் ஊத்தமாட்டனா? பையன் எங்க?"

"வெயில்ல சுத்திட்டுப் படுத்துக் கெடக்கான். ஏன்டி, எங்க வூட்டு அடுப்புக்கு ஒன்னக் காவலுக்கு வச்சிருக்கா?"

என் பெண்ணைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் சுவர்ப்பக்கம் கையைக் காட்டி அழுதுகொண்டே இருந்தாள். ராகி உருண்டை கொடுத்தேன், தூக்கி எறிந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த அடுப்பில் கடுகு வெடித்தது. வாசம் மட்டுமில்லை, சத்தமே கேட்டது. காய்ந்த மிளகாய் கருகி எனக்கே இருமல் வந்துவிட்டது. அந்த இருமலோடு சிரித்தேன். மனசு அப்படி லேசாகிவிட்டது. பாவம், எண்ணெய்தான் தீர்ந்திருக்கிறது, நாம்தான் சந்தேகப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்துவிட்டேன். என் பெண் ஓடாத குறையாகச் சுவரைப் பிடித்துப் போனாள். பையன் எழுந்து வந்து இவளைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் கண் சிவந்திருந்தது. புகை என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஓரகத்தி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போய்க் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். ஓரகத்தி பையனை மட்டும் உள்ளறையில் படுக்க வைத்திருந்தாள். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அடுத்த நாள் காலையில் ஓரகத்தி வீட்டு வாசலில் வேப்பிலை.

கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

"எத்தன நாளாக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்துதான் பொரிஞ்சிது."

"நேத்து பொரிஞ்சதுக்கு நாலு நாளு முன்னாடியே ஏன் தாளிக்காமக் கெடந்த? காய்ச்சல் அடிச்சப்பவே ஒனக்குத் தெரியும். அப்புறம் ஏன் தாளிச்ச?"

"என்ன என்ன பண்ணச் சொல்ற? வூட்டுல அம்ம இருக்குன்னா அவங்க வாசப்படி மிதிப்பாங்களா? ஓம் மூக்கு லேசுப்பட்ட மூக்கா? நீ தெருவுல ஒரு வார்த்த வுட்டா பொண்ணு கல்யாணம் நின்னுபோவும்."

அந்தக் கடுகு எனக்காக வெடித்த கடுகு. அம்மாவுக்கே பயப்படாமல் அவள் பயந்தது என் மூக்குக்கு.

அதற்கப்புறம் நாள்கள் நகரவில்லை. மணல்வாரி ஒட்டியதும் தெரியாது. ஒரு வாரம் போய், இன்னும் சில நாளும் போய்த்தான் காட்டும். விடிந்ததும் முதல் வேலையாக என் பெண்ணை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து கண்ணைப் பார்ப்பேன். காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பேன். தும்மினால் மறுபடி வெளிச்சத்துக்குத் தூக்கிப் போவேன். அவள் விளையாடினாள், சிரித்தாள், சுவரைத் தட்டினாள். இந்தத் தடவை தப்பிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று சாயங்காலம் அவள் கன்னம் சுட்டது.

பொரிந்தது. வேப்பிலையில் படுக்க வைத்தோம். இளநீர் கொடுத்தோம், கூழ் கரைத்துக் கொடுத்தோம். தடிப்பு கால்வரைக்கும் இறங்கியது. இறங்கிவிட்டால் தணிந்துவிடும் என்பார்கள். இவளுக்குத் தணியவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்க வாயை வைப்பாள், மூச்சு முட்டி விட்டுவிடுவாள். மூத்தவளுக்கு வயிற்றுப்போக்கு, இவளுக்கு மூச்சு. வழி வேறு, ஆனால் அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோங்க" என்றேன்.

"அம்ம எறங்கி இன்னும் தல தண்ணியே ஊத்தல. அதுக்குள்ள வாசப்படி தாண்டறதா? ஊசி கீசி போட்டுட்டா அம்மா கோவிச்சுக்குவாம்பாங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம். எதற்குப் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போது ஓரகத்தி தலைவிரிகோலமாக உள்ளே வந்தாள். என் பெண்ணின் காலடியில் விழுந்தாள்.

"தாயே, தாளிச்சவ நான். கோவத்த எம்மேல போடு. இந்தப் பச்ச மண்ண வுட்டுடு."

எனக்கு அதைக் கேட்டதும் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"எழுந்திருக்கா. ஒன் கடுகுக்குக் கோவிச்சுக்கிட்டு அம்மா எம்புள்ளகிட்ட ஏன் வரா? ஒம்புள்ள இருமி எம்புள்ளைக்கு வந்துது. நீ கடுகுக்கு அழுவுற. எங்கிட்டச் சொன்ன பொய்க்கு அழுவல."

நான் பிள்ளையைப் பழைய சேலையில் சுற்றித் தோளில் போட்டேன். வாசப்படியைத் தாண்டினேன். என் வீட்டுக்காரர் செருப்புப் போட மறந்து பின்னால் வந்தார்.

பஸ்ஸில் சேலைக்குள்ளிருந்து வேப்பிலை வாசம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு கிழவி கும்பிட்டாள். அரியலூர் போய்ச் சேரும்வரை பிள்ளையின் மூச்சை என் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். சூடாகப் பட்டது. பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் ஒரு கணம் படாது. அந்த ஒரு கணத்தில் நான் செத்துப் பிழைப்பேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். "முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்ல?" என்றார் நர்சம்மா. "வந்துட்டோம்ல, மொதல்ல பாருங்க" என்றேன். ஊசி போட்டார்கள். விடிய விடியப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் அங்கேயே கிடந்தோம். கடைசியில் ஒருநாள் காலையில் அவள் மூச்சு முட்டாமல் பால் குடித்தாள். குடித்துவிட்டு என்னைக் கடித்தாள். பல் முளைத்த பிள்ளை கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கடிக்கு நான் அழுதேன்.

ஓரகத்தி மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. வந்து கூப்பிட்டாள், குங்குமம் வைத்தாள், வாங்கிக்கொண்டேன். போகவில்லை. அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. அவள் மகள் நன்றாக வாழட்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டேன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு நின்றுபோயிற்று. பிள்ளைகள் மட்டும் தாண்டித் தாண்டிப் போய்வந்தன.

மறு வருஷம் மணல்வாரி வரவில்லை. அதற்கடுத்த வருஷம் இரண்டு மூன்று வீட்டோடு நின்றது. அதற்கும் அடுத்த தையில் அந்த மகள் பொங்கலுக்குத் தாய்வீடு வந்தாள். இடுப்பில் ஒரு பையன், அப்போதுதான் பல் முளைத்திருந்தான். பங்குனித் திருவிழா முடிந்துதான் திரும்பிப் போவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி சுவரோரம் வந்து நின்றாள்.

"ஏம்மா, இந்த வருசம் வருமா?"

எது என்று நான் கேட்கவில்லை. என் பெண் பயமில்லாமல் தெருவில் திரிந்தாள். அவளுக்கு இனி வராது. என் வயிற்றில் நெருப்பு அணைந்திருந்தது. இப்போது அது ஓரகத்தி வயிற்றில் இருந்தது. பதில் சொல்லாமல் துணியைப் பிழிந்திருக்கலாம். முடியவில்லை, அந்தப் பையனைப் பார்த்துவிட்டேன்.

"வரும். பெரிசா வரும். மாசி பொறக்கறதுக்குள்ள அவள மாமியா வூட்டுக்கு அனுப்பிடு."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அலசுவதற்கு அடுத்த துணியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் திக்கென்றது. எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் போக்கு. அந்த ஊருக்கு எந்த வருஷம் பெரிய வருஷம் என்று எனக்கென்ன தெரியும்? நெருப்பிலிருந்து எடுத்து நெருப்பில் போடச் சொல்லிவிட்டேனா?

ஈரக்கையோடு சுவரைத் தாண்டி அவர்கள் அடுப்படிக்கே போய்விட்டேன். எத்தனையோ நாள் மிதிக்காத அடுப்படி. ஓரகத்தி திகைத்துப்போய் எழுந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, மகளைத்தான் கேட்டேன்.

"ஏ புள்ள, ஒங்க ஊர்ல மணல்வாரி கடைசியா எப்ப வந்துது?"

"போன வருசந்தான் சின்னம்மா. எங்க தெருவே படுத்துக் கெடந்துச்சு. இவன் அப்ப கைக்கொழந்த, இவனுக்கு மட்டும் வரல. ஏன்?"

அப்படியானால் இந்த வருஷம் அந்த ஊரை எட்டிப் பார்க்காது. எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணுமில்ல. துணிய எடுத்து வையி. நாளைக்கே கெளம்பு."