கழுத்துக்கு மேலே என் பொறுப்பு

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் எல்லோரும் தலைவர் என்பார்கள். கட்சி எதிலும் இல்லை. சலூன் வைத்திருந்தார், தெருவில் முக்கால்வாசித் தலை அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் போனபோது துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அவர் குழந்தையின் தலைக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தியிருக்க வேண்டியதில்லை. அவர் இருந்திருந்தால், விட்டுப்போன இடங்களை அவரே எடுத்துக்கொடுத்திருப்பார்.

சலூன் ஒரே அறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றை உயர்த்தி வைத்தால் அது தானாக இறங்கிக்கொண்டே வரும். அதில் உட்கார்ந்தவர் முடி வெட்டி முடிவதற்குள் ஒரு சாண் குட்டையாகிவிடுவார். வெட்டும்போது மாமா வாயே திறக்கமாட்டார். கடைசியில் எண்ணெய் விட்டுத் தலையைப் பிடித்துவிடும்போது பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அந்த மசாஜுக்காகவே முழு வழுக்கைக்காரர்கள்கூட வந்து வரிசையில் காத்திருப்பார்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் குட்டி. பிறந்து சில வாரங்களில் அவள் உச்சந்தலையில் மஞ்சளாகச் செதில் படிந்தது. கஞ்சி கொட்டிக் காய்ந்தது போல இருக்கும். விரல் பட்டால் பொருக்கு உதிரும். குழந்தை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

சலூனுக்கு எதிர்க்கடை டெய்லர் ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தார். பார்த்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்ன தலைவரே, போலீஸ்காரன் வீட்டுலயே திருட்டா? உங்க பொண்ணுக்கே பொடுகு!"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து கடையிலிருந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்து, சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டு, அறை வாசலோடு நின்றுவிடுவார்.

"வாசல்ல நின்னு எட்டிப் பாக்கறதுக்கு அவ என்ன பொருட்காட்சியா? வந்து தூக்குங்க" என்றாள் அக்கா.

"வேணாம். எத்தனை தலையைத் தொட்ட கை இது. கடையிலிருந்து நான்தான் கொண்டாந்துட்டேன். அவளுக்குச் சரியாகிற வரைக்கும் தூக்கமாட்டேன்."

"நானும் இத்தனை வருஷமா இதே வீட்டுலதானே இருக்கேன், எனக்கு ஒட்டலையே?"

"உனக்கு எதுதான் ஒட்டும்? நான் சொல்ற பேச்சே ஒட்டாது."

தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோனபோது நானும் அக்காவும் நர்ஸிடம் கேட்டோம். அவர் குழந்தையின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், அழுக்கால் வருவதில்லை, யாரிடமிருந்தும் ஒட்டுவதும் இல்லை, நாளாக ஆகத் தானே போய்விடும் என்றார். கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் லேசாக நீவி, குழந்தைக்கான ஷாம்பு போட்டு எண்ணெய் போக அலசிவிட வேண்டும். நகத்தால் பிய்க்கக் கூடாது. சிவந்தாலோ நீர் வடிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னோம். எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மீதியை அவர் கேட்டாரா என்பது சந்தேகம்தான்.

"எண்ணெய் வைக்கிறதுக்கு எனக்கே பாடமா காலேஜ்?" என்றார். நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என் பெயர் அதுதான். பிறகு அக்காவிடம் திரும்பி, "கழுத்துக்கு மேலே என் பொறுப்பு. கழுத்துக்குக் கீழே நீ. தலையில மட்டும் கை வைக்காதே, சொல்லிட்டேன்" என்றார்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் குட்டி அக்கா மடியில் இருப்பாள். மாமா கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவி, இரண்டு விரல் நுனியில் எண்ணெய் தொட்டு, பூவுக்கு வலிக்குமோ என்பது போலத் தடவுவார். குழந்தை கண் சொக்கிக் கொட்டாவி விடுவாள். ஊறட்டும் என்று எழுந்து போய்விடுவார். தூக்கமாட்டார்.

ஊறியது. ஊறிக்கொண்டே இருந்தது. செதில் குறையவில்லை; அடைபோலத் தடித்தது. தலையணைத் துணி மஞ்சளாகி, குட்டியின் தலை காறலெடுத்த எண்ணெய் ஜாடிபோல வாடை அடித்தது. மாமா எண்ணெயைக் கூட்டினார்.

"பாத்தியா காலேஜ்," என்றார் ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல். "நான் தொடத் தொடத்தான் அதிகமாகுது. அந்த நர்ஸம்மா என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. என் கைதான்."

மறுநாள் விடுமுறை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன். நாற்காலியில் தபால்காரர். மசாஜில் நன்றாகத் தூங்கிப்போயிருந்தார். மாமா தோளைத் தட்டி எழுப்பினார்.

"என்னப்பா, நெத்தியெல்லாம் எண்ணெய் வழியுது. இதைத் துடைச்சுவிடக் கூடாதா?"

மாமா தினமும் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னார். "நம்ம வேலை தேய்க்கிறதோட முடிஞ்சுது சார். வீட்டுக்குப் போய் ஷாம்பு போட்டு அலசி..."

சீப்பு கையில் நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"காலேஜ், குட்டிக்குத் தலைக்கு யாரு ஊத்தறது?"

"அக்காதானே?"

"அவதான்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. தபால்காரரின் கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் மாமா தெருவில் இறங்கினார். சாப்பாட்டுப் பையோடு நான் பின்னால் ஓடினேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டறியா இல்லையா?"

"எப்படிக் குளிப்பாட்டறது? கழுத்துக்கு மேலே கை வைக்காதேன்னு சட்டம் போட்டது யாரு? கழுத்து வரைக்கும் குளிப்பாட்டி, முகத்தைத் துடைச்சுவிடறேன். தலையை நீங்க அலசறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நான் எங்கே அலசறது? என் கடையில யாருக்காவது அலசிப் பாத்திருக்கியா?"

அக்கா மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று மாமா பதறினார். சிரிப்பு அடங்காமல் அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்போ இத்தனை நாளா பூசின எண்ணெய் மொத்தமும் அங்கேயேதான் இருக்கா?" என்றாள்.

வெந்நீரை விளாவி அக்கா மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். மாமா பிரிக்காத பாக்கெட்டிலிருந்து மெத்தென்ற பிரஷ் ஒன்றை எடுத்து வந்தார். இருவருமாகக் குழந்தையைக் கைகளில் மல்லாத்திப் பிடித்தார்கள். கண்ணில் படாமல் நெற்றியில் கை அணை கட்டியது மாமாதான். பட்டாணி அளவு ஷாம்பு. லேசாக நீவ நீவ, ஊறியிருந்த செதில் நுரையோடு நழுவி வந்தது. எல்லாம் ஒரேயடியாகப் போகவில்லை. பாதிக்கு மேல் போனது. அடியில் இளஞ்சிவப்பில் சுத்தமான தோலும், நாங்கள் யாரும் அதுவரை பார்த்திராத கருகரு முடியும்.

"இன்னும் ஓரத்துல இருக்கே. பிச்சிடட்டுமா மாமா?" என்றேன்.

"கையை எடு. அது தானா வரும்."

துண்டால் ஒற்றித் துடைத்து, அக்கா குழந்தையை நீட்டினாள். மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை மேல தப்பில்லைங்க," என்றாள் அக்கா. "மிச்சம் போகட்டும்னு காத்திருந்தா, அவ நடந்து வந்து உங்க மடியில ஏறிக்குவா. பிடிங்க."

பிடித்தார். மார்பில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். தலையில் மூக்கை வைத்து மோந்தார். குட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் டெய்லர் வாசலில் வந்து கத்தினார். "தலைவரே, கடை திறந்து கெடக்கு, மூணு பேர் உக்காந்திருக்காங்க. வரப்போறீங்களா இல்லையா?"

"மெதுவாப் பேசுய்யா. நாளைக்கு வரச்சொல்லு."

"என்ன காரணம் சொல்ல?"

"கைக்கு வேலை வந்திருக்குன்னு சொல்லு."

விளக்கு வைக்கும் நேரம் வரை அவர் அசையவில்லை. வலது கை மரத்துப்போய், மறுநாள் முதலில் வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு பக்கக் கிருதா மேலேயும் மறுபக்கம் கீழேயுமாக அமைந்துவிட்டது. வாத்தியார் கண்ணாடியில் பார்த்துக் கோபப்பட்டபோது, மாமா மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, குட்டிக்கு எவ்வளவு முடி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.