நாலு நிமிடம் பேசியவரும் ஒரு நிமிடம் பேசாதவரும்

நாடகக்காரன் என்றால் இல்லாததைச் சொல்பவன் என்று நினைப்பார்கள். ஆவண நாடகக்காரனுக்கோ டேப்பில் இருக்கும் ஓர் இருமலை விடக்கூட உரிமை கிடையாது.

சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்போம். அவர்கள் பேசியதை, இழுவையும் மௌனமும் உட்பட, அப்படியே மேடையில் பேசுவோம். அதுதான் பெங்களூரில் இருந்த எங்கள் குழுவின் சட்டம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம், ஆழ்கடலின் அடியில் கிடக்கும் உலோகக் கற்களை அள்ளும் திட்டம். "பெங்களூர்ல கடல் ஏது?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்ட ஒவ்வொருவர் கையிலும் புது செல்போன் இருந்தது. அதில் இருக்கும் உலோகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வயிற்றெரிச்சல் தெரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

வெட்டக் கூடாது

நாகப்பட்டினம் பக்கம் மீன் விற்கும் ஆரோக்கியமேரி அக்காவைப் பேட்டி எடுத்தோம். நாலே நிமிடம்தான் பேசினார். "கல்ல அள்ளுறப்ப கெளம்புற சேறு எங்க போவும்? அதத் தின்னுட்டு மீனு எங்க போவும்?" என்பதுதான் சாரம். அதற்குப் பதில் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேட்டிக்கு முன்னால் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நானும் தலையை ஆட்டினேன்.

"நான் பேசுறத வெட்டாம சொல்றதுன்னா எடு தம்பி. இல்லன்னா மிஷின மூடு."

மறந்துபோன வசனம்

அதே கேள்வியைத் திட்டத்தில் இருந்த ஓர் அதிகாரியிடம் கேட்டோம். மனிதர் ஒரு முழு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. டேப் மட்டும் ஓடியது. பிறகு, "நெக்ஸ்ட் கொஸ்டின்" என்றார்.

அந்த அதிகாரி வேடம் எனக்கு. மல்லேஸ்வரத்தில் முதல் காட்சி. சட்டப்படி ஒரு நிமிடம் மேடையில் சும்மா நிற்க வேண்டும். இருபது விநாடியில் முணுமுணுப்பு, நாற்பதில் சிரிப்பு. இது என் மறதி அல்ல, உங்கள் அரசாங்கத்தின் பதில் என்று கத்த வேண்டும்போல் ரத்தம் கொதித்தது. கத்தவும் முடியாது, டேப்பில் கத்தல் இல்லையே! கடைசி வரிசையிலிருந்து ஒரு நல்ல மனசுக்காரர், யாரையும் 'குரு' என்று கூப்பிடும் பெங்களூர் வழக்கப்படி, எனக்கு உதவப் பார்த்தார்.

"டயலாக் மறந்துட்டியா குரு? பர்வாயில்ல, அடுத்த சீன் போடு!"

ஏசி அரங்கம்

பெரிய கம்பெனி ஒன்று தன் அரங்கத்தைத் தந்து, செலவையும் ஏற்பதாகச் சொன்னது. அவர்களுடைய மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், வெகு மரியாதை. நாடகத்தைப் பார்த்துவிட்டு, மீன்காரம்மாவின் பேச்சை அரை நிமிடமாக்கச் சொன்னார். அதிகாரியின் மௌனத்தில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை, அது ரொம்பக் கண்ணியமாக இருந்ததாம்.

எங்கள் டைரக்டர் ஷைலஜா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நல்ல விளக்கு, நல்ல மைக், ஐந்நூறு நாற்காலி. அத்தனையும் கண்ணில் ஆடின, ஒப்புக்கொண்டோம். அந்த மேனேஜரைவிட என் மேல்தான் இன்று எனக்கு ஆத்திரம் அதிகம்.

"அந்தம்மா பேசறது மட்டும் கொஞ்சம் நெகட்டிவா இருக்குதுங்க. ஜூஸ் சாப்பிடறீங்களா?"

மூன்றாவது வரிசை

ஆரோக்கியமேரி அக்காவின் மகள் பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலையில் இருந்தாள். கம்பெனி அரங்கத்தில் நடந்த நாடகத்துக்கு அம்மாவை அழைத்து வந்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் அக்காவை நான் பார்த்தபோது விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன.

அக்காவாக நடித்த ஷைலஜா அரை நிமிடத்தில் பேசி முடித்தார். நான் அதிகாரியாக வந்து என் ஒரு நிமிடமும் முழுசாக நின்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் கூட்டம் எழுந்து கைதட்டியது. அக்கா எழவில்லை. கீழே இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"அந்த ஆபீசரு பேசாம நின்னதுக்கு ஒரு நிமிசம் குடுத்தீங்க. நான் பேசுனதுக்கு அதுகூட இல்லியா தம்பி?"

அடுத்த காட்சியை ஜீவனஹள்ளியில் ஒரு ஷாமியானாவுக்கு அடியில் போட்டோம்: அக்காவின் நாலு நிமிடமும் இருந்தது, ஜூஸ்தான் இல்லை.