திரும்பாத சாரட்டு

சேதராப்பட்டில் கல்யாணச் சாரட்டு செய்யும் பட்டறையில் டிசைனராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி மொபைலில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஓர் அரண்மனை வாசலில் நிற்கும் வண்டி. நான்கு சக்கரமும் ஆளுயரம்.

"அச்சு அசலா இதே வேணும்மா. டவுன்ல ஒரு ஓட்டல்காரர் கேக்குறாரு. பிரெஞ்சு லுக்கு!"

என் ட்ராயிங்கில் முன்சக்கரங்களைச் சிறிதாக்கினேன். குதிரை திரும்பும்போது முன் ஆக்ஸிலும் திரும்பும்; சக்கரம் வண்டியின் பாடிக்கு அடியில் நுழைய வேண்டும். பெரிய சக்கரம் பாடியில் முட்டி நின்றுவிடும். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

முதலாளி சிரித்தார். "என்னம்மா, பொம்ம வண்டியாட்டம் இருக்குது? முட்டும் முட்டும்ங்கிற. படத்துல முட்டுதா?"

"படத்துல அது நேரா நிக்குது சார்."

"பாத்தியா! என்னா கம்பீரமா நிக்குது!"

இந்த அறிவோடுதான் வண்டி தயாரானது, நான்கு சக்கரமும் ஆளுயரமாக. பட்டறைச் சாலையில் நேராக ஓட்டிப் பார்த்தார்கள். நேராக ஓடியது. கைதட்டினார்கள்.

முதல் சவாரியே ஒரு கல்யாணம். ஓட்டலிலிருந்து மண்டபம் சில தெருக்கள்தான். ஆனால் டவுன் தெருக்கள் கட்டம் போட்ட சட்டை மாதிரி. திரும்பாமல் எங்கும் போக முடியாது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் தெருமுனையிலேயே சக்கரம் பாடியில் சிக்கியது. குதிரை இழுக்க, வண்டி சாய்ந்தது. மணமக்கள் அலறி இறங்கினார்கள். மாமன் மச்சான்கள் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்த, பட்டுவேட்டியெல்லாம் கிரீஸ்.

முதலாளி குதிரைக்காரர் மீது பாய்ந்தார். "யோவ் கலியா, ஒனக்கு ஓட்டத் தெரியலய்யா!"

"குதிரய அவுத்துட்டு ஒங்களப் பூட்டுறேன் மொதலாளி. திருப்பிக் காட்டுங்க."

மணப்பெண் கேட்டாள்: "முகூர்த்தத்துக்குள்ள இதத் திருப்பிடுவீங்களா?"

முதலாளி சக்கரத்தைப் பார்த்தார். ஓட்டல்காரர் முதலாளியைப் பார்த்தார்.

"அப்ப நீங்க வண்டியத் தூக்கிட்டு மெதுவா வாங்க. நாங்க போறோம்" என்றாள் மணப்பெண்.

கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து விறுவிறுவென்று நடந்தாள். மாப்பிள்ளை மாலையைப் பிடித்தபடி பின்னால் ஓடினார். தாலி நேரத்துக்கு ஏறியது, வண்டி இல்லாமலே.

நான் கற்றது ஒன்றுதான்: முதலில் தெருமுனையை வரைய வேண்டும், பிறகு வண்டியை. முதலாளி கற்றது வேறு. அந்தச் சாரட்டு இப்போது ஓட்டல் வாசலில் பூந்தொட்டிகளைச் சுமக்கிறது. புதுக் கிராக்கிகளை அங்கேயே அழைத்துப்போய்க் காட்டுகிறார்.

"நம்ம பட்டற வேலதான். பாருங்க, என்னா கம்பீரமா நிக்குது!"

நிற்கிறது. படத்தில் இருந்தது போலவே.